வேடியம்மா இறங்கிப் போகும் காட்சி

புதூர்நாடு
4-1-1981

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

அம்சவல்லி எழுதுகிறேன். அம்மா, அப்பா, நான், கறவை மாடு எல்லோரும் சுகம். பட்டணத்துத் தண்ணீரில் வந்த இருமல் உங்களுக்கு நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உங்கள் நாவலைப் படமெடுக்க வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன். எனக்குப் பிடிக்காததையும் எழுதுவேன். இதற்காகவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன்.

முந்தாநாள் இரண்டு வேனும் ஒரு லாரியும் வந்தன. லாரியில் ஜெனரேட்டர். அது ஓட ஆரம்பித்ததும் ஊர்க்கோழி எல்லாம் பலாமரத்தில் ஏறிவிட்டன. டைரக்டர் பெயர் துரைக்கண்ணு. குள்ளமாக, வெயில் தொப்பி போட்டிருக்கிறார். கையில் உங்கள் ‘ஒற்றையடிக்கு அப்பால்’ இருக்கிறது. அதில் முப்பது நாற்பது துண்டுக் காகிதம் செருகி வைத்திருக்கிறார். நம் புத்தகத்தை இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். அதெல்லாம் மாற்ற வேண்டிய இடங்களாம்.

ஊரில் புத்தகத்தை முழுக்கப் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் எல்லோரும் என்னிடம் கதை கேட்கிறார்கள். வேடியம்மா என்று ஒரு மலைப்பெண், அவள் புருஷன் மரம் விழுந்து செத்துப்போகிறான், கொழுந்தனைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், அவளுக்கோ படித்து டீச்சராக ஆசை, ஆனி மழையில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையிறங்கி பஸ் ஏறிவிடுகிறாள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். “உன் சித்தி மாணிக்கம் எறங்கின மாதிரியே கீது” என்றார் அடுத்த வீட்டுச் செல்லம்மாக்கா. சித்தி தனியாகத்தானே போனார், அவருக்கு ஏது குழந்தை, இது கதை என்று விளக்கினேன். செல்லம்மாக்கா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

முதல் மாற்றம்: வேடியம்மாவின் பெயர் இனி மல்லிகா. வேடியம்மா என்றால் போஸ்டருக்கு எடுப்பாக இருக்காதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள் போன்ற
அம்சவல்லி

*

சென்னை
16-1-1981

கண்ணு அம்சாவுக்கு ஆசிகள்.

இருமல் நின்றுவிட்டது. பொங்கலுக்கு வர முடியவில்லை என்று அக்காவுக்கு வருத்தம் இருக்கும். பள்ளி ஆண்டு விழா வேலை என்று சொல். மாமாவின் முழங்கால் வலிக்குத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மல்லிகாவா? போகட்டும். எழுதி முடித்த நாவல் கட்டிக்கொடுத்த பெண் மாதிரி. புகுந்த வீட்டில் வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டால் பிறந்த வீட்டார் சண்டைக்குப் போகவா முடியும்? பாட்டு வைக்கட்டும், சண்டை வைக்கட்டும். நீ எழுதுவதைப் படித்து விடுதி அறையில் தனியாகச் சிரிக்கிறேன். பக்கத்து அறை டீச்சர் கதவைத் தட்டி என்ன என்று கேட்டார்.

ஒன்றே ஒன்றை மட்டும் விடமாட்டேன். கடைசியில் அவள் இறங்கும்போது குழந்தை இடுப்பில் இருக்க வேண்டும். முடிவை மாற்றுவதானால் என் கையெழுத்து வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறேன். அதில் மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்.

அல்ஜீப்ராவையும் கொஞ்சம் கவனி.

உன் சித்தி
மாணிக்கம்மாள்

*

புதூர்நாடு
27-1-1981

அன்புள்ள சித்திக்கு,

தைலம் வந்தது. அப்பா முழங்காலுக்குப் போட்டது போக மீதியை மாட்டின் கழுத்துக்கும் போட்டார். இருவருக்கும் குணம். உங்களுக்கு எப்படி?

மாற்றங்களை வரிசையாக எழுதலாம் என்று பார்த்தால் வரிசைக்கு அடங்கவில்லை. நம் பெண்களுக்கெல்லாம் பாசிமணியும் இறகும் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். “இன்னாத்துக்கு?” என்று கேட்டார் செல்லம்மாக்கா. “நீங்க மலைவாசிங்களாச்சே” என்றார் மேக்கப்காரர். “நாங்க மலவாசிதான், மயிலு இல்ல” என்று செல்லம்மாக்கா இறகைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெண்கள் சிரித்த சிரிப்பில் டைரக்டரே வந்து, சரி, அவரவர் புடவையே இருக்கட்டும் என்றார். அந்த ஒரு மாற்றம் நம்மால் மாறியது.

புத்தகத்தில் இல்லாத ஒரு காட்டிலாகா அதிகாரி வந்துவிட்டார். அவர்தான் கதாநாயகர். அருவிக்கரையில் மல்லிகாவோடு பாட்டு. புருஷன் செத்த மூன்றாம் மாதம் எப்படிப் பாடுவாள் என்று கேட்டேன். அது கனவு என்றார்கள்.

மல்லிகாவாக நடிக்கும் நளினகுமாரி நல்லவர். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி தின்றார். மென்று தின்றார், பாவம். களியை விழுங்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். அப்பா துக்கம் விசாரிக்கும் கூட்டத்தில் நிற்கிறார். காமிரா தன் பக்கம் திரும்பினாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நான்கு முறை எடுத்துவிட்டு அவரை மரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் நிஜமாகவே மழை வந்தது. உடனே எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். நிஜ மழை காமிராவில் தெரியாதாம். அதனால் தண்ணீர் லாரி கொண்டுவந்து பொய் மழை பெய்விப்பார்களாம்.

குழந்தைக்குச் செல்லம்மாக்காவின் கடைக்குட்டியைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஐந்து மாதம். விளக்கைப் பார்த்தால் வீரிட்டு அழுகிறது. முடிவைப் பற்றி ஏதோ பேச்சு அடிபடுகிறது. விசாரித்து எழுதுகிறேன்.

அன்புடன்
அம்சவல்லி

*

சென்னை
5-2-1981

அம்சா,

நான் நலம். முடிவைப் பற்றி என்ன பேச்சு? டைரக்டரிடமே கேள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது. வீட்டில் எல்லோரும் சுகமா?

சித்தி

*

புதூர்நாடு
11-2-1981

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் சுகம். இவ்வளவு சிறிய கடிதம் நீங்கள் எழுதியதே இல்லை. வேலை அதிகமோ?

நேற்று டைரக்டர் டீ குடிக்கும்போது போய் நின்றேன். நோட்டில் உடனே குறித்துக்கொண்டேன், அதனால் இது அப்படியே அவர் வார்த்தை.

“குழந்தையோட போறவ எங்க போவா, பாப்பா?”

“பஸ் ஏறித் திருப்பத்தூர் போவாள். இருநூற்றுப் பதினோராம் பக்கம்.”

“பஸ் கிளம்பினதோட உங்க சித்தி முடிச்சுட்டாங்க. படிக்கறவங்க புத்தகத்தை மூடி வச்சுடுவாங்க. தியேட்டர்ல இருக்கறவன் விடமாட்டான். அப்புறம்னு கேப்பான்.”

“அப்புறம் டீச்சர் டிரெயினிங் சேர்வாள்.”

“கைக்குழந்தையோடவா? எந்த ஹாஸ்டல்ல சேத்துப்பான்?”

கேள்வியை நோட்டில் குறித்தேன். அவரே சொன்னார்: “அவ பிள்ளையை அக்கா கிட்ட கொடுத்துட்டுத்தான் போகணும். இறங்கும்போது மூணு தடவை திரும்பிப் பாக்கறா. தியேட்டர்ல ஒரு கண்ணு காயாது. உங்க சித்தி கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க. நீ எழுதிச் சொல்லேன்.”

எனக்குக் கோபம் வந்தது. “வேடியம்மா அப்படிப்பட்டவள் இல்லை, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போகமாட்டாள்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். நளினகுமாரி திரும்பிப் பார்த்தார்.

சித்தி, ஹாஸ்டல் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? நீங்களே டிரெயினிங் ஹாஸ்டலில் இருந்தவர், உங்களுக்குத் தெரியும். எழுதுங்கள், அவரிடம் காட்டி வாயை அடைக்கிறேன்.

உங்கள் கட்சி
அம்சவல்லி

*

புதூர்நாடு
26-2-1981

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். அப்பாவுக்கும் மாட்டுக்கும் சுகம். நான் எழுதிப் பதினைந்து நாளாகியும் உங்கள் பதில் இல்லை. டைரக்டருக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்தது. ‘மாற்ற முடியாது’ என்ற ஒரே வரியாம். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் கையெழுத்து வந்தால் புது முடிவை எடுப்பேன், இல்லையென்றால் பழையதையே எடுத்துவிட்டுப் போகிறேன், எதற்கும் ஒத்திகை பார்த்து வைப்போம் என்றார் டைரக்டர்.

நேற்று அந்த ஒத்திகை நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று சொன்னவள் நான்தானே.

நளினகுமாரி குழந்தையை நீட்டி, “இனிமேல் இது உன் பிள்ளை அக்கா” என்று சொல்ல வேண்டும். அக்காவாக நடிக்கிறவர் வாங்கிக்கொள்ள வேண்டும். வசனத்தைக் கேட்டதும் செல்லம்மாக்கா ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார்.

“இது இன்னா பேச்சு? நாலு பேரு நிக்கசொல்ல எம் புள்ளய இன்னொருத்தி புள்ளன்னு சொல்றது?”

“சினிமாதாம்மா” என்றார் டைரக்டர்.

“சினிமான்னா இன்னா, வாய்லருந்துதான வருது வார்த்த? தவிடு குடுக்காம, மொறத்துல வாங்காம, வெறுங்கையில தூக்கிக் குடுத்தா புள்ள தங்காது.”

மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். டைரக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அது எப்படி என்று ஆர்வமாகக் கேட்டார். செல்லம்மாக்கா யோசிக்கவே இல்லை. கூட்டத்தில் நின்ற அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“மங்கம்மாக்கா, நீ வாங்கினத காட்டேன். மாணிக்கம் மொறத்துல கெடத்திட்டு மூணு அடி பின்னால போச்சி. நீ ஒரு படி தவிட்ட அது முந்தானியில கொட்டிட்டு மொறத்த எடுத்த. நல்லா மழ. மாணிக்கம் தவிட்ட முடிஞ்சிகினு விடுவிடுன்னு எறங்கிச்சி. குடுத்தவ திரும்பிப் பாக்கக் கூடாது, பாத்தா புள்ள தங்காதுன்னு நான்தான் கத்தினேன். ஏற்கெனவே ரெண்டு புள்ள போயி நின்ன வூடாச்சே உன்னுது. அம்சா அப்போ இத்தனூண்டு…”

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்துவிட்டார். நான் நோட்டோடு பக்கத்தில்தான் நின்றேன்.

ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளையும்தான் கேலி செய்வார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். டைரக்டர் ‘பேக்கப்’ என்றார்.

உங்கள் இருமல் திரும்பி வரவில்லையே?

அம்சவல்லி

*

புதூர்நாடு
3-3-1981

மாணிக்கத்துக்கு அக்கா மங்கம்மா சொல்லி, வாணியம்பாடி முக்தார் அகமது எழுதினது.

நல்லாக்கீறியா மாணிக்கம்? நான் நல்லாக்கீறேன்னு எழுத சொன்னா பாயி மொறைக்கிறாரு, பொய் எழுத மாட்டாராம். புளி வாங்க வந்தவர புடிச்சி குந்த வச்சிகீறேன். எப்பவும் அம்சாதான் எனக்கு எழுதும். இத அதுகிட்ட சொல்லி எழுத முடியல.

புள்ளைக்குத் தெரிஞ்சி போச்சி. செல்லம்மா மூணு நாளா எங்கூட்டு வாசல்ல அழுதுகினு நிக்கிறா. நான் அவள வையல, மறந்துட்டு சொன்னவள இன்னா வையிறது. ஊருக்கே மறந்து போச்சி, நமக்கே மறந்து போச்சின்னுதான நானும் நெனச்சிகினு இருந்தேன்.

அது வந்து கேட்டிருந்தா எனக்குத் தாங்கும். ஒன்னும் கேக்கல. களி துன்னுட்டு பொஸ்தகத்த எடுத்துகினு குந்திக்குது. ஒரு பக்கமும் திருப்பல, நான் பாத்துகினுதான் கீறேன். மூணாம் நாளு வந்து எம் மடியில தல வச்சி படுத்துச்சி. பேன் பாக்க சொல்லிச்சி. தலையில ஒரு பேனும் இல்ல. நானும் பாத்துகினே இருந்தேன்.

நீ தப்பு பண்ணல. ஆஸ்டல்ல புள்ளைய சேத்துக்க மாட்டேன்னு சொன்னதுக்கு நீ இன்னா பண்ணுவ. எனக்கு அன்னைக்கி சாமி குடுத்தாப்ல இருந்துச்சி. இப்ப ராத்திரியில ஒன்னே ஒன்னுதான் நெனப்பு. நீ வந்து கூப்டா அது போயிடுமோ? அங்க பொஸ்தகம் கீது, பெரிய பள்ளிக்கூடம் கீது. இங்க இன்னா கீது? அது போறேன்னா நான் தடுக்க மாட்டேன். தடுக்க மாட்டேன்னு எழுதுங்க பாயி. எழுதினீங்களா?

நீயே புள்ளைக்கு ஒரு வார்த்த எழுது. எதுனா எழுது.

அக்கா மங்கம்மா

(எழுதியவன் கூடுதலாகச் சேர்ப்பது: உங்கள் அக்கா திடமாக இருக்கிறார். தடுக்க மாட்டேன் என்று சொல்லும்போது மட்டும் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார். இதை எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன். முக்தார் அகமது.)

*

புதூர்நாடு
20-3-1981

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் கடைசியாக எழுதி இன்றோடு நாற்பத்து மூன்று நாள். தபால்காரரைத் தினமும் கேட்டு, இப்போது அவர் என்னைக் கண்டாலே வேறு பாதையில் போகிறார். உடம்பு சுகமாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பி எழுதுகிறேன்.

நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முன்பு ஏழு முறை படித்திருக்கிறேன். இந்த மாதம் இன்னும் மூன்று முறை படித்தேன்.

நீங்கள் எல்லாவற்றையும் கவனமாக எழுதுகிறவர். சாமை எந்த வாரம் பால் பிடிக்கும், பலா எந்த மரத்தில் முதலில் பழுக்கும் என்று ஒன்றையும் விடமாட்டீர்கள். இருநூறு பக்கம் வரை அந்தக் குழந்தை கைகால் உதைக்கிறது, கக்குகிறது, செல்லமாகக் கடிக்கிறது. கடைசி அத்தியாயத்தில் மட்டும் ஒன்றும் செய்வதில்லை. மழையில் அத்தனை வளைவு இறங்குகிறாள். குழந்தைக்குப் போர்த்த ஒரு துணி எடுத்ததாக இல்லை. எங்கே நின்று பால் கொடுத்தாள் என்று இல்லை. அது ஒரு தடவைகூட அழவில்லை. இடுப்பில் குழந்தை இருந்தால் அழும், சித்தி. செல்லம்மாக்காவின் குழந்தையை நான் பார்க்கிறேனே. இல்லாத குழந்தைதான் அழாது.

அதனால் டைரக்டர் செய்த மாற்றம் சரி என்று நினைக்கிறேன். அப்போது அவருக்கு விஷயம் தெரியாது. கதையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். முன்பு நான் வேடியம்மா அப்படிப்பட்டவள் இல்லை என்று சத்தம் போட்டதாக எழுதியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள். அப்போது எனக்குக் கதை முழுதாகத் தெரியாது.

குழந்தைக்கு என்ன ஆனது என்று படத்தில் வராது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அது ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்தது. அக்காக்காரி ஒரு நாளும் அதைத் தரையில் விட்டதில்லை. அவள் புருஷன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போனான். வருஷத்துக்கு ஒரு முறை பட்டணத்திலிருந்து ஒருவர் புத்தகம் கொண்டுவந்தார். விஷயம் தெரிந்தபோது அதற்குக் கோபம் வந்தது. மூன்று நாள் இருந்தது. கொஞ்சம் இப்போதும் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கோபத்துக்காக யாரும் கடிதம் எழுதுவதை நிறுத்த வேண்டாம் என்று அது நினைக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் டைரக்டர் தப்பு. மூன்று முறை திரும்பிப் பார்க்கிறாள் என்கிறார். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கையெழுத்துப் போடுங்கள், சித்தி. ஏப்ரல் பத்துக்குள்.

என்றும் உங்கள்
அம்சா

*

சென்னை
29-3-1981

என் கண்ணு அம்சாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அக்காவும் மாமாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

இந்த மாதத்தில் உனக்குப் பதினொரு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது பன்னிரண்டாவது. கிழிப்பதற்குள் தபாலில் சேர்க்க வேண்டும் என்பதால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

டைரக்டருக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஹாஸ்டல் கேள்விக்குப் பதில் கேட்டிருந்தாய். கைக்குழந்தைக்கு இடமில்லை என்றார்கள். தனியாக இருந்தால் இரு, இல்லாவிட்டால் ஊருக்குப் போ என்றார்கள். ஊருக்குப் போனால் கொழுந்தன். இதை எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் என் பேனா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டது. நாவல் எழுதுகிறவளுக்கு அந்த ஒரு சௌகரியம் இருக்கிறது. குழந்தை அழவில்லை என்று நீ கண்டுபிடிப்பாய் என்று நினைக்கவில்லை. பத்திரிகைகளில் எழுதிய விமரிசகர் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இதை மட்டும் டைரக்டருக்கு அழுத்தி எழுதியிருக்கிறேன். கல்நெஞ்சுக்காரி என்று பார்ப்பவர்கள் நினைப்பார்களே என்பார். நினைக்கட்டும். குழந்தை தங்க வேண்டும். ஏழாம் வளைவில் கால் தானாக நின்றது. கழுத்தைத் திருப்பவில்லை.

அக்காவிடம் நீயே படித்துச் சொல்: கொடுத்தது கொடுத்ததுதான். நான் கூப்பிட வரமாட்டேன். விடுமுறைக்கு வந்து போகலாமா என்று மட்டும் கேட்பேன். அதையும் அவளிடம்தான் கேட்பேன்.

என்னை எப்போதும் போலச் சித்தி என்றே கூப்பிடு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வருஷா வருஷம் மலையேறினேன்.

சித்தி

*

சென்னை
16-8-1981

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அம்சா ஆசையோடு எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். அப்பா முழங்காலைக் குளிரில் வைக்க வேண்டாம். இதைப் படித்துச் சொல்லும் முக்தார் மாமாவுக்கு என் சலாம். மாமா, அன்று உங்கள் பேனாவைப் பிடித்த மாதிரி அம்மா காகிதத்தைப் பிடித்தாலும் நிறுத்தாமல் படியுங்கள்.

அம்மா, நான் புதன்கிழமை காலை வண்டியில் வந்துவிடுவேன். பஸ் நிற்கும் இடத்துக்கு நீ வர வேண்டாம், நானே நடந்து வருவேன் என்று எழுதினாலும் நீ வந்து நிற்பாய் என்று தெரியும். பத்தாம் வகுப்பை நம் பள்ளியிலேயே முடிக்கிறேன். அதற்கப்புறம் எங்கே என்று நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம் என்று சித்தி சொன்னார். நான் சரி என்றேன். நீ சரி சொன்னால்தான் சரி என்றும் சொன்னேன்.

சித்தியின் அறை சிறியது. ஒரு கட்டில். என்னை அதில் படுக்க வைத்துவிட்டுக் கீழே பாய் போட்டுக்கொள்கிறார். முதல் நாள் இருவரும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டோம். இரண்டாம் நாள் நான் சாம்பாரில் உப்பு அதிகம் என்றேன். “உங்கம்மா வச்சாப்ல வேணும்னா அங்கதான் போவணும்” என்றார். அதற்கப்புறம் சரியாகிவிட்டது.

இப்போது எங்கே இருக்கிறேன் தெரியுமா? சினிமாக்காரர்கள் தங்களுக்குள் போட்டுப் பார்க்கும் சின்னத் தியேட்டர். ஐம்பது நாற்காலிதான். மடியில் நோட்டை வைத்து எழுதுகிறேன். டைரக்டர் துரைக்கண்ணு தொப்பி இல்லாமல் வந்திருக்கிறார், வழுக்கை. நளினகுமாரி என்னைக் கண்டதும், “இப்பல்லாம் களியை முழுங்கறேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு” என்றார். சொல்லிவிட்டேன்.

படத்தில் செல்லம்மாக்கா வருகிறாராம். முறமும் தவிடும் வருகின்றனவாம். அதை டைரக்டர் அப்படியே வைத்துக்கொண்டாராம். முறத்தை எடுக்கும் அக்காவுக்கு மங்கா என்று பெயர் வைத்திருக்கிறார். அவர் செய்த மாற்றங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நீ பார்க்கும்போது வெட்கப்படுவாய்.

திரும்பிப் பார்க்கிறாளா இல்லையா என்றுதான் இன்னும் தெரியவில்லை. இரண்டு விதமாகவும் எடுத்தாராம். எதை வைத்தீர்கள் என்று கேட்டால், “பாருங்கம்மா” என்று நழுவிவிட்டார். சித்தி காலையிலிருந்து சாப்பிடவில்லை. என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

“அவர் அவளைத் திரும்பிப் பார்க்க வைத்திருந்தால் என்ன செய்வீர்கள் சித்தி?” என்று இப்போது கேட்டேன்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் பாடப் புத்தகம் போலப் பேசுகிறவர், மெதுவாகச் சொன்னார்:

“திரும்பினா திரும்பட்டும்டி. நம்ம புள்ள தங்கிடுச்சே.”

நீ கேட்க வேண்டும் என்று உடனே எழுதிவிட்டேன், அம்மா. பின்னால் மிஷின் ஓடத் தொடங்குகிறது. மீதியைப் புதன்கிழமை நேரில் சொல்கிறேன். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.